ஒரே அர்த்தம்னு நினைச்சு மாட்டிக்கிற இங்கிலீஷ் வார்த்தைங்க: புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

'சே'ன்னாலும் சொல்லு, 'டெல்'லுன்னாலும் சொல்லு. 'சீ', 'லுக்', 'வாட்ச்' மூணுக்கும் பாரு. ஸ்கூல்ல நமக்கு இங்கிலீஷ் இப்படித்தான் வந்துச்சு, நோட்டுல நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் தமிழ், மனப்பாடம் பண்ணிட்டு வா. பரீட்சைக்கு அது போதும். ஆனா ஆபீஸ்ல ஒரு மெயில் அடிக்க உக்காந்தா, இல்ல இன்டர்வியூல வாயைத் திறந்தா, ரெண்டுல எதைப் போடுறதுன்னு ஒரு செகண்ட் நிக்குது பாருங்க, அந்த ஒரு செகண்டுக்காகத்தான் இதை எழுதுறேன். கிராமர் ஓரளவு தெரியும், வார்த்தையும் தெரியும், ஆனா எந்த வார்த்தைன்னு தெரியலன்னு இருக்கிறவங்களுக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்த வித்தியாசங்கள்ல நிறைய நம்ம பேச்சுத் தமிழ்லயே இருக்கு. நாம தப்பே பண்ணாம பிரிச்சுத்தான் பேசுறோம், எங்க பிரிக்கிறோம்னு திரும்பிப் பாத்ததில்ல, அவ்வளவுதான். அதனால ரூல்ஸ் புக்கை எடுக்குறதுக்கு முன்னாடி அதே விஷயத்தை வீட்ல எப்படி சொல்லுவோம்னு ஒரு தடவ வாய்விட்டு சொல்லிப் பாருங்க. கீழ வர்ற ஸ்டெப்ல பாதி இந்த வேலைதான்.

ஸ்டெப் 1: வார்த்தையைத் தனியா எழுதாதீங்க

நோட்டுல 'டெல் – சொல்லு'ன்னு எழுதுறதை இன்னைக்கே நிறுத்திடுங்க. 'டெல் மீ', 'டெல் ஹிம்', 'டெல் த ட்ரூத்'னு பக்கத்துல வர்ற வார்த்தையோட சேத்து எழுதுங்க. 'டெல்'லுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு ஆள் வந்து நிக்கணும், யார்கிட்ட சொன்னேன்னு. 'சே'வுக்கு அந்த ஆள் தேவையில்ல, என்ன சொன்னேன்ங்கிறது போதும், ஆள் வந்தே ஆகணும்னா நடுவுல ஒரு 'டு' வேணும். 'ஹி டோல்டு மீ' சரி, 'ஹி செட் டு மீ' சரி, 'ஹி செட் மீ' தப்பு. நம்ம ஊர்ல தினமும் காதுல விழுறது இந்த மூணாவதுதான்.

ஆள் இல்லாமலும் 'டெல்' வர்ற சில இடம் இருக்கு, பொய், உண்மை, கதை, ஜோக், டைம். 'டெல் எ லை', 'டெல் த டைம்' அப்படியே பழகிடுங்க, காரணம் கேக்காதீங்க. அதே மாதிரி 'ஹலோ', 'சாரி', 'தேங்க்ஸ்' எல்லாம் 'சே'வோட மட்டும்தான் ஒட்டும்.

பக்கத்து வார்த்தையோட எழுதுற பழக்கம் வந்துட்டா இன்னும் நாலு தப்பு தானா போயிடும். 'எக்ஸ்ப்ளெயின் மீ'ன்னு சொல்றோம், அது 'எக்ஸ்ப்ளெயின் டு மீ', இல்லன்னா 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ'. 'டிஸ்கஸ் அபௌட்'னு எழுதுறோம், 'அபௌட்' வேண்டாம், 'லெட் அஸ் டிஸ்கஸ் த ப்ராஜெக்ட்' அவ்வளவுதான். 'டாக்'குக்கு 'அபௌட்' வேணும், 'டிஸ்கஸ்'ஸுக்கு வேண்டாம், ரெண்டும் பேசுறதுதான் ஆனாலும். 'சென்னைக்கு'ன்னு நம்ம வாயில 'க்கு' வர்றதால 'ரீச்டு டு சென்னை'ன்னு ஒரு 'டு' தானா வந்து உக்காந்துக்கும். 'ரீச்டு சென்னை', இல்லன்னா 'கேம் டு சென்னை', இல்லன்னா 'அரைவ்டு இன் சென்னை'. மூணுக்கும் மூணு விதம்.

ஸ்டெப் 2: 'நான்'ல ஆரம்பிக்குதா, 'எனக்கு'ல ஆரம்பிக்குதா

இதுல கொஞ்ச நேரம் நில்லுங்க, என்னைக் கேட்டா மொத்தக் கட்டுரையிலயும் பலன் அதிகம் இங்கதான்.

'ஹியர்', 'லிசன்' ரெண்டுக்கும் டிக்ஷனரில கேள்னுதான் போட்டிருக்கும். ஆனா நாம எப்படிப் பேசுறோம்? 'எனக்கு நல்லாக் கேக்குது', 'நான் பாட்டு கேக்குறேன்'. முதல்ல சொன்னது 'ஹியர்'. ரெண்டாவது 'லிசன்'. சத்தம் அதுவா வந்து காதுல விழுந்தா 'எனக்கு'ன்னு சொல்றோம், நாமளா காதைக் குடுத்தா 'நான்'னு சொல்றோம். இங்கிலீஷ்காரங்க ரெண்டு வார்த்தை வச்சுப் பண்ற வேலையை நாம 'நான்'ஐயும் 'எனக்கு'வையும் வச்சுப் பண்றோம்.

இது ஆன்லைன் மீட்டிங்ல எவ்வளவு முக்கியம்னு பாருங்க. 'கேக்குதா?'ன்னு கேக்கணும்னா 'கேன் யூ ஹியர் மீ?'. அதுக்குப் பதிலா 'ஆர் யூ லிசனிங்?'னு கேட்டீங்கன்னா, 'நான் இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கேன், நீ கவனிக்கிறியா இல்லயா'ன்னு அதட்டுற மாதிரி ஆயிடும். மேனேஜர்கிட்ட கேட்டுத் தொலைச்சா அப்புறம் நான் பொறுப்பில்ல.

பார்க்கிறதும் இப்படித்தான். 'இங்கேர்ந்து எனக்குக் கோபுரம் தெரியுது', இது 'சீ', 'ஐ கேன் சீ த டவர்'. 'கோபுரத்தைப் பாரு', இது 'லுக்', கூடவே ஒரு 'அட்' வரும், 'லுக் அட் த டவர்'. 'பாத்துக்கிட்டே இருக்கேன்', அது 'வாட்ச்', கொஞ்ச நேரம் நீளுற விஷயம், அசையுற விஷயம், மேட்ச், டிவி, ரோட்டுல விளையாடுற பசங்க. ரயில்வே ஸ்டேஷன்ல பக்கத்துல இருக்கிறவர்கிட்ட 'பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டுப் போறோமே, அதுவும் 'வாட்ச்'தான், 'குட் யூ வாட்ச் மை பேக்?'. அங்க 'லுக் அட்' போட்டீங்கன்னா அவர் பையை ஒரு தடவ பாத்துட்டு 'நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிடுவார்.

இப்ப இதை நீட்டிப் பாருங்க. எனக்குத் தெரியும், எனக்குப் புரியுது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ஒரு தம்பி இருக்கான். 'நோ', 'அண்டர்ஸ்டாண்ட்', 'லைக்', 'வான்ட்', 'ஹேவ்'. இந்த அஞ்சுக்கும் சாதாரணமா பின்னாடி 'இங்' சேக்கக் கூடாதுன்னு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல லிஸ்ட் குடுத்து உருப்போடச் சொல்லுவாங்க. உருப்போட வேண்டாம், தமிழ்ல 'எனக்கு'ன்னு ஆரம்பிச்சா 'இங்' போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிங்க. 'ஐ அம் ஹேவிங் ஒன் பிரதர்' தப்பு, 'ஐ அம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்'கும் வேண்டாம், 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' போதும். 'ஐ திங்க்'குக்கும் 'ஐ அம் திங்கிங்'குக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசமும் இதுலயே வந்துடுது, 'எனக்குத் தோணுது'ன்னா முதல்ல உள்ளது, 'நான் யோசிச்சிட்டு இருக்கேன்'னா ரெண்டாவது.

எல்லா இடத்துலயும் இது செல்லாது. 'நம்புறேன்'னு நாம 'நான்' போட்டுத்தான் சொல்றோம், ஆனா 'பிலீவ்'வுக்கும் 'இங்' பிடிக்காது. 'எனக்கு வலிக்குது'ங்கிறதை 'இட் இஸ் ஹர்ட்டிங்'னு தாராளமா சொல்லலாம். முக்கால்வாசி இடத்துல கைகொடுக்குற ஒரு அடையாளமா வச்சுக்கங்க.

அடுத்தது ஹெச்ஆர் மெயில். 'ரிசீவ்', 'ஆக்சப்ட்' ரெண்டையும் வாங்கிக்கிட்டேன்னு ஒரே மாதிரி எடுத்துக்கிறோம். 'எனக்கு ஆஃபர் லெட்டர் வந்துச்சு', அது 'ரிசீவ்டு'. 'நான் ஒத்துக்கிட்டேன்', அது 'ஆக்சப்டட்'. லெட்டர் கைக்கு வந்துச்சுன்னு மட்டும் சொல்ல நினைச்சு 'ஐ ஹேவ் ஆக்சப்டட் த ஆஃபர்'னு அனுப்பிட்டா, சம்பளம் பேசுறதுக்கு முன்னாடியே வேலைக்கு வரேன்னு எழுதிக் குடுத்த மாதிரிதான்.

ஸ்டெப் 3: எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க

'பாரோ', 'லெண்ட்' குழப்பத்துக்குக் காரணம் ரெண்டுலயும் கடன் இருக்கிறதுதான். கைமாத்து வாங்குறது 'பாரோ', கைமாத்து குடுக்குறது 'லெண்ட்'. 'கேன் யூ பாரோ மீ எ பென்'னு கேக்கக் கூடாது. 'கேன் ஐ பாரோ யுவர் பென்', இல்லன்னா 'கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்'. 'ஐ'ல ஆரம்பிச்சா 'பாரோ', 'யூ'ல ஆரம்பிச்சா 'லெண்ட்', பேனா கேக்குற அளவுக்கு இந்தக் குறுக்கு வழி போதும்.

'ரெண்ட்' கொஞ்சம் வம்பு பிடிச்ச வார்த்தை, ரெண்டு பக்கமும் போகும். குடியிருக்கிறவரும் 'ஐ ரெண்ட் எ ஹவுஸ்'னு சொல்லலாம், ஓனரும் சொல்லலாம். ஓனர் தெளிவா சொல்லணும்னா 'ரெண்ட் அவுட்', இல்லன்னா 'லெட்'. தெருவுக்குத் தெரு தொங்குற 'டு லெட்' போர்டுல இருக்கிற 'லெட்' அதுதான், வாடகைக்கு விடப்படும்னு அர்த்தம். நடுவுல ஒரு எழுத்தைச் சொருகி அதை டாய்லெட்டா மாத்திட்டுப் போற பசங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கும்னு நம்புறேன்.

'ராப்', 'ஸ்டீல்' ரெண்டும் திருட்டுதான். வீட்டையோ பேங்கையோ ஆளையோ கொள்ளையடிச்சா 'ராப்', நகையையோ பணத்தையோ தூக்கிட்டுப் போனா 'ஸ்டீல்'. 'தே ராப்டு த பேங்க் அண்ட் ஸ்டோல் த மணி'ன்னு ஒரே வரில ரெண்டையும் எழுதி வச்சுக்கங்க. பேங்கை 'ஸ்டீல்' பண்ணணும்னா கட்டடத்தோட பேத்து எடுத்துட்டுத்தான் போகணும்.

'ரிமெம்பர்' நமக்கா ஞாபகம் வர்றது, 'ரிமைண்ட்' இன்னொருத்தர் ஞாபகப்படுத்துறது. 'ப்ளீஸ் ரிமைண்ட் மீ'. 'இம்ப்ளை', 'இன்ஃபர்' நல்லா இங்கிலீஷ் எழுதுறவங்களே தடுக்கி விழுற இடம், சொல்றவர் சொல்லாம சொன்னா அவர் 'இம்ப்ளை' பண்றார், கேக்குறவர் அதுலேர்ந்து தானா புரிஞ்சுக்கிட்டா அவர் 'இன்ஃபர்' பண்றார்.

'கம்', 'கோ'வுல நமக்குப் பெரிசா பிரச்சனை இல்ல, தமிழும் இங்கிலீஷும் இங்க கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் போகுது. 'நாளைக்கு உங்க ஆபீஸுக்கு வரேன்'ங்கிறது அங்கயும் 'கம்'தான். ஒரே ஒரு இடம் தவிர. கிளம்பும்போது 'போறேன்'னு சொல்றது நல்லதில்லன்னு வளந்தவங்க நாம, 'போயிட்டு வரேன்'னுதான் வாய்ல வரும். அதை அப்படியே 'ஐ வில் கோ அண்ட் கம்'னு சொன்னா வெளியூர்க்காரர் நீங்க டீ குடிச்சிட்டு திரும்பி வருவீங்கன்னு உக்காந்திருப்பார். 'ஐ அம் லீவிங், பை' போதும், ஒண்ணும் கெட்டது நடக்காது.

ஸ்டெப் 4: நேரம், காலம்

மேனேஜர் 'பை ஃப்ரைடே' வேணும்னு மெயில் போட்டா வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு அர்த்தம். 'அண்டில் ஃப்ரைடே'ன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும், அதாவது அதுவரை நடந்துக்கிட்டே இருக்கும். 'ஐ வில் ஃபினிஷ் இட் அண்டில் ஃப்ரைடே'ன்னு எழுதினா, முடிக்கிற வேலையே வெள்ளி வரைக்கும் ஓடுற மாதிரி விநோதமா இருக்கும். 'க்குள்ள'ன்னா 'பை', 'வரைக்கும்'னா 'அண்டில்', வேற யோசனையே வேண்டாம்.

'சின்ஸ்', 'ஃபார்' இதுவும் அதே கதைதான். '2021-லேர்ந்து'ன்னா 'சின்ஸ்', 'மூணு வருஷமா'ன்னா 'ஃபார்'. தமிழ்ல 'லேர்ந்து' வந்தா 'சின்ஸ்', 'ஆ'ன்னு முடிஞ்சா 'ஃபார்'. 'ஐ அம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' நம்ம ரெஸ்யூமேல குடிகொண்டிருக்கிற வாக்கியம், அதை 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்'னு மாத்திடுங்க.

இன்டர்வியூக்குப் போறவங்களுக்கு ஒண்ணு தனியா. 'ஹார்ட்'ன்னா கடினமா, அதோட 'லி' சேத்தா இன்னும் அழகா இருக்கும்னு நினைச்சு 'ஐ ஹார்ட்லி வொர்க்'னு சொல்லிடாதீங்க. 'ஹார்ட்லி'ன்னா அநேகமா இல்லவே இல்லைன்னு அர்த்தம், 'நான் வேலையே செய்யமாட்டேன்'னு நீங்களே வாக்குமூலம் குடுத்த மாதிரி ஆயிடும். 'ஐ வொர்க் ஹார்ட்'. இதே மாதிரி 'லேட்'ன்னா தாமதமா, 'லேட்லி'ன்னா சமீபமா.

ஸ்டெப் 5: எண்ண முடியுமா

எண்ண முடிஞ்சா 'மெனி', 'ஃப்யூவர்'. எண்ண முடியாதுன்னா 'மச்', 'லெஸ்'. தமிழ்ல நிறைய, கம்மின்னு ரெண்டு வார்த்தைல வேலை முடிஞ்சிடுது, அதனால இங்க மட்டும் தமிழ் கைகொடுக்காது, உக்காந்து கத்துக்கத்தான் வேணும். 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்' இந்த அஞ்சும் எண்ண முடியாத கூட்டம், கடைசில 'ஸ்' போடக் கூடாது. நாலு மேசை வாங்கினாலும் அது 'ஃபர்னிச்சர்'தான்.

'ஃப்யூவர்', 'லெஸ்' சண்டை சுவாரஸ்யமானது. எண்ணுற பொருளுக்கு 'ஃப்யூவர்'தான் போடணும்ங்கிற எண்ணத்தை முதல்ல எழுதி வச்சதா சொல்றது ராபர்ட் பேக்கர்னு ஒருத்தரை, 1770-ல. அவரே சட்டம் மாதிரி போடல, எனக்கு இதுதான் இன்னும் நேர்த்தியாத் தோணுதுங்கிற தொனிலதான் எழுதினார். அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியிருந்தே ஆளுங்க ரெண்டுக்கும் 'லெஸ்'தான் சொல்லிட்டிருந்தாங்க. பின்னாடி வந்தவங்க அதை ரூலாக்கி, பிரிட்டன்ல சூப்பர்மார்க்கெட் கவுண்டர்ல 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்'னு போர்டு வச்சதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டாங்க. டெஸ்கோ கடைக்காரங்க 2008-ல ரெண்டு பக்கமும் வேண்டாம்னு 'அப் டு டென் ஐட்டம்ஸ்'னு மாத்திட்டு நழுவிட்டாங்க. பேச்சுல நீங்க மாத்தி சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எழுதும்போது 'ஃப்யூவர் பீப்பிள்', 'லெஸ் டைம்'னு பாத்து எழுதுங்க. தூரம், நேரம், காசு இதுக்கெல்லாம் நம்பர் வந்தாலும் 'லெஸ் தேன்'தான், 'லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்'.

'ஃப்யூ'வும் 'எ ஃப்யூ'வும் மறுபடி நம்ம கைக்குள்ள வந்துடும். 'கொஞ்சம் பேர் வந்தாங்க', இது 'எ ஃப்யூ'. 'கொஞ்சம் பேர்தான் வந்தாங்க', இது 'ஃப்யூ'. அந்த ஒத்தை 'தான்'ல இருக்கிற ஏமாத்தம் முழுக்க இங்கிலீஷ்ல அந்த 'எ'வை எடுத்துட்டா வந்துடுது. 'லிட்டில்', 'எ லிட்டில்' ரெண்டுக்கும் அதே கணக்கு.

ஸ்டெப் 6: மெயில்ல தொனி

எதிர்பார்க்கிறேன்னு தமிழ்ல பணிவாத்தான் முடிப்போம். 'தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்'. அதை 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை'ன்னு போட்டா, 'பதில் வந்தாகணும்'னு உத்தரவு போட்ட மாதிரி கேக்கும். 'ஹோப்'ன்னா நடக்கணும்னு ஆசை, 'எக்ஸ்பெக்ட்'ன்னா நடக்கும்னு கணக்கு, சில நேரம் நடந்தே தீரணும்ங்கிற அழுத்தம். மெயில் முடிக்க 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' நல்லது, அதுல 'ஹியரிங்'தான், 'ஹியர்' இல்ல.

'டவுட்' நம்மளோட சொந்தப் பிள்ளை மாதிரி. 'சார், ஐ ஹேவ் எ டவுட்'னு கிளாஸ்ல கை தூக்காதவங்க யாரு? இந்தியாக்குள்ள இதுல ஒரு குறையும் இல்ல, எல்லாருக்கும் புரியும். ஆனா லண்டன் கிளையன்ட்கிட்ட 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ரிப்போர்ட்'னு சொன்னா, உன் ரிப்போர்ட் மேல எனக்கு நம்பிக்கை இல்லன்னு அவர் எடுத்துக்க வாய்ப்பிருக்கு. வெளியாள்கிட்ட 'கொஸ்டின்'னு சொல்லிடுங்க. 'ரிவர்ட்'டும் அப்படித்தான், பழைய நிலைக்குத் திரும்புறதுன்னு அதோட அர்த்தம், நாம பதில் போடுறதுக்கு வச்சிருக்கோம், 'ரிப்ளை' சின்னதாவும் தெளிவாவும் இருக்கு. 'ப்ரீபோன்' பத்தி யாராவது கிண்டல் பண்ணா கவலைப்படாதீங்க, அது ஆக்ஸ்ஃபோர்ட் டிக்ஷனரில ஏறி ரொம்ப நாளாச்சு.

கனமான வார்த்தை போட்டா மரியாதைன்னு ஒரு நினைப்பு நம்மகிட்ட உண்டு. 'பை' இருக்கிற இடத்துல 'பர்ச்சேஸ்', 'ஸ்டார்ட்' இருக்கிற இடத்துல 'கமென்ஸ்', 'ஹெல்ப்'புக்கு 'அசிஸ்ட்'. 1066-ல பிரான்ஸ் பக்கத்துலேர்ந்து வந்த நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கப்புறம் அரண்மனையிலயும் கோர்ட்லயும் பிரெஞ்சு உக்காந்துக்கிச்சு, வயல்லயும் வீட்லயும் பழைய இங்கிலீஷ் இருந்துச்சு, அதனாலதான் ஒரே விஷயத்துக்கு வீட்டு வார்த்தை ஒண்ணு, ஆபீஸ் வார்த்தை ஒண்ணுன்னு இன்னைக்கு வரைக்கும் ஜோடி ஜோடியா நிக்குது. அர்த்தம் ஒண்ணுதான், உடுப்புதான் வேற. ஃப்ரெண்டுகிட்ட 'உணவருந்தினீர்களா'ன்னு நாம கேப்போமா?

ஸ்டெப் 7: தமிழுக்குள்ள வந்து ஆளே மாறிப்போன இங்கிலீஷ் வார்த்தைங்க

இதுதான் ரொம்ப ஆபத்தானது, ஏன்னா தெரிஞ்ச வார்த்தைன்னு தைரியமா சொல்லுவோம். நமக்கு ஹோட்டல்னா இட்லி சாப்பிடுற இடம். வெளிநாட்டுக்காரருக்கு 'ஹோட்டல்'னா ரூம் போட்டுத் தங்குற இடம், சாப்பிடுற இடம் 'ரெஸ்டாரன்ட்'. 'லெட் அஸ் கோ டு எ ஹோட்டல்'னு ஆபீஸ்ல புதுசா வந்த வெளிநாட்டுக்காரங்களைக் கூப்பிட்டா முகம் ஒரு மாதிரி ஆறது ஏன்னு இப்ப புரியும்.

நம்ம மெஸ்ல நல்ல சாப்பாடு கிடைக்கும், ஆனா பொதுவா இங்கிலீஷ்ல 'மெஸ்'ன்னா அலங்கோலம், ராணுவ ஆளுங்க சேந்து சாப்பிடுற இடத்துக்குத்தான் சாப்பாட்டு அர்த்தம் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. 'பார்சல்' தபால்ல போறது. சாப்பாட்டைக் கட்டிக் குடுங்கன்னு கேக்கணும்னா பிரிட்டன்ல 'டேக்அவே', அமெரிக்கால 'டு கோ'. 'ரப்பர்'ன்னா பிரிட்டன்ல அழிக்கிற ரப்பர்தான், அமெரிக்கால அது ஆணுறை, அங்க போய் பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட கேட்டுடாதீங்க, 'இரேசர்'னு கேளுங்க.

'குக்கர்' இன்னொண்ணு. ஓட்டுறவர் 'ட்ரைவர்', பாடுறவர் 'சிங்கர்', அப்ப சமைக்கிறவர் 'குக்கர்'னு யோசிக்கிறது நியாயம்தான். ஆனா சமைக்கிறவர் 'குக்', 'குக்கர்' அடுப்பு, நம்ம வீட்ல விசில் அடிக்கிறது பிரஷர் குக்கர். 'மை மதர் இஸ் எ குட் குக்கர்'னு சொன்னா அம்மா மூணு விசில் விடுவாங்கன்னு ஆயிடும்.

உணர்ச்சி சம்பந்தப்பட்டதும் இருக்கு. 'ரொம்ப ஃபீல் பண்றேன்'னா தமிழ்ல வருத்தப்படுறேன்னு முழுசாப் புரிஞ்சிடும், இங்கிலீஷ்ல 'ஐ அம் ஃபீலிங்'னு நிறுத்தினா எதிர்ல இருக்கிறவர் மீதிக்காகக் காத்திருப்பார், 'சேட்'டா, 'ஹேப்பி'யா? 'டென்ஷன் ஆயிட்டேன்'ங்கிறதை 'ஐ காட் டென்ஷன்'னு சொல்றதைவிட 'ஐ வாஸ் டென்ஸ்' இல்லன்னா 'ஐ வாஸ் ஸ்ட்ரெஸ்டு' சரி. பேப்பரைப் படிக்கிறதும் பரீட்சைக்குப் படிக்கிறதும் நமக்கு ஒரே படிப்பு, அங்க முதலாவது 'ரீட்', ரெண்டாவது 'ஸ்டடி'.

ஸ்டெப் 8: வால் மட்டும் மாறுற ஜோடிங்க

இதை வேகமாப் பாத்துடலாம். 'எகனாமிக்'ன்னா பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, 1991-ல நடந்தது 'எகனாமிக் ரிஃபார்ம்ஸ்'. 'எகனாமிக்கல்'னா சிக்கனம், மைலேஜ் நல்லாக் குடுக்குற வண்டி. 'ஹிஸ்டாரிக்'ன்னா வரலாற்றுல பேர் நிக்கிற அளவுக்குப் பெரிய விஷயம், 1930-ல ராஜாஜி திருச்சிலேர்ந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தது 'ஹிஸ்டாரிக் மார்ச்'. 'ஹிஸ்டாரிக்கல்'னா பழைய காலத்தைப் பத்தினது, அந்த நடைப்பயணத்தைப் பத்தி ஒரு நாவல் எழுதினா அது 'ஹிஸ்டாரிக்கல் நாவல்', சுமாரா எழுதியிருந்தாலும்.

'சென்சிபிள்' விவரமானவர், 'சென்சிட்டிவ்' சட்டுனு மனசு புண்படுறவர். 'அஃபெக்ட்' பெரும்பாலும் வினை, பாதிக்கிறது, 'எஃபெக்ட்' பெரும்பாலும் பெயர், பாதிப்பு, பேசும்போது ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும், அதனால எழுதும்போது மட்டும் கவலைப்பட்டா போதும். 'அன்இன்ட்ரஸ்டட்'னா ஆர்வமில்லாதவர், 'டிஸ்இன்ட்ரஸ்டட்'னா எந்தப் பக்கமும் சாயாதவர். ஜட்ஜ் ரெண்டாவது மாதிரி இருக்கணும், முதலாவது மாதிரி இருந்தா கேஸ் அம்போ.

'சைல்ட்லைக்', 'சைல்டிஷ்' ஜோடி எனக்குப் பிடிச்சது. கள்ளமில்லாம சிரிக்கிறவரோட குழந்தை மனசு முதலாவது, எல்லாத்துக்கும் முறுக்கிக்கிட்டு நிக்கிறவரோட சிறுபிள்ளைத்தனம் ரெண்டாவது. 'ஃபேமஸ்' நல்லதுக்கு, 'நோட்டோரியஸ்' கெட்டதுக்கு. சிறப்பு விருந்தினரை 'நோட்டோரியஸ் டாக்டர்'னு மேடைல அறிமுகப்படுத்தினா அவர் அதோட இறங்கிப் போயிடுவார்.

ஸ்டெப் 9: டிக்ஷனரியை மாத்துங்க

இங்கிலீஷ்–தமிழ் பாக்கெட் டிக்ஷனரி ரயில்ல படிக்க சரி, இந்த வேலைக்கு ஆகாது, அது ரெண்டு வார்த்தைக்கும் ஒரே அர்த்தத்தைத்தான் போட்டுக் குடுக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்காகவே எழுதின லேர்னர்ஸ் டிக்ஷனரின்னு ஒரு வகை இருக்கு, கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மேன் மூணும் ஆன்லைன்ல இலவசமாவே பாக்கலாம். அதுல அர்த்தத்தைவிட உதாரண வாக்கியத்தைப் படிங்க. எண்ணுற பெயரா இல்லையான்னு குறிச்சிருப்பாங்க, ஃபார்மலா பேச்சு வழக்கான்னு குறிச்சிருப்பாங்க, திட்டுற தொனி இருந்தா அதையும் போட்டிருப்பாங்க. நிறைய ஜோடிக்குத் தனிக் கட்டம் கட்டி வித்தியாசம் சொல்லியிருப்பாங்க. ஒரு வார்த்தைக்கு மூணு உதாரணத்தை வாய்விட்டுப் படிச்சு, நாலாவதை நீங்களே உங்க வாழ்க்கைலேர்ந்து எழுதிடுங்க.

எழுதினதை கூகுள் டிரான்ஸ்லேட்ல போட்டு தமிழ்ல சரியா வருதான்னு பாத்துக்கிறவங்க உண்டு. அதை முழுசா நம்பாதீங்க, நீங்க 'ஹி செட் மீ'ன்னு தப்பா அடிச்சாலும் அது புரிஞ்சுக்கிட்டு 'அவர் என்னிடம் கூறினார்'னு அழகாக் குடுத்துடும், தப்பு மூடிடும்.

ஸ்டெப் 10: எதை விட்டுடலாம்

எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு நின்னா வாயே திறக்க முடியாது. 'ஷேல்', 'வில்' வித்தியாசம் இப்ப கிட்டத்தட்ட செத்துப்போச்சு, 'வில்' போதும். 'ஹூம்' எங்க போடணும்னு தெரியலன்னா 'ஹூ'ன்னே கேளுங்க. 'டிஃபரன்ட் ஃப்ரம்', 'டிஃபரன்ட் டு', 'டிஃபரன்ட் தேன்' மூணும் புழக்கத்துல இருக்கு, 'ஃப்ரம்' போட்டா எந்த ஊர்லயும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

விடக் கூடாதது ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுறது. 'டேபிள்'னு ஒரு வினைச்சொல் இருக்கு, மீட்டிங்ல ஒரு விஷயத்தை 'டேபிள்' பண்றோம்னு சொல்லுவாங்க. பிரிட்டன்லயும் நம்ம பார்லிமென்ட்லயும் அதுக்கு அர்த்தம் விவாதத்துக்குக் கொண்டுவர்றது, அமெரிக்கால அதே வார்த்தைக்கு அர்த்தம் இப்ப வேண்டாம்னு ஒதுக்கி வைக்கிறது, நேர் எதிர். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் அதிகாரிங்களும் அமெரிக்க அதிகாரிங்களும் இந்த ஒரு வார்த்தையால நீளமா வாக்குவாதம் பண்ணிட்டு, கடைசிலதான் ரெண்டு பேரும் ஒண்ணையேதான் கேக்குறோம்னு கண்டுபிடிச்சதா சர்ச்சில் எழுதி வச்சிருக்கார். அதனால அமெரிக்க டீமோட கால்ல யாராவது 'லெட் அஸ் டேபிள் திஸ்'னு சொன்னா, நீங்க ரெடி பண்ணி வச்ச ஸ்லைடை உடனே திறக்காம, 'டு யூ மீன் நௌ ஆர் லேட்டர்?'னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.